தோணிக்கு வைத்த ஒப்பாரி

எனக்குப் பாட்டுக் கட்ட வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அரிசி புடைக்கும்போது ஒன்று, மீன் கழுவும்போது ஒன்று, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது ஒன்று என்று அன்றாடம் நாலு வரியாவது புதிதாக வாயில் வந்துவிடும். அடுத்த நாள் அது மறந்துபோகும். மறந்தால் என்ன, வேறு வரும்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். கடற்கரைப் பக்கம் இருந்த என் மகளின் வீடு போய்விட்டது. மகளும் பிள்ளைகளும் தப்பிவிட்டார்கள். ஒரு நாள் படித்த பிள்ளை ஒருத்தி வந்து பெண்களுக்கெல்லாம் வெள்ளைத் தாளும் வண்ணக் குச்சிகளும் கொடுத்து, "உங்களுக்குள்ள இருக்கிற கலைய நீங்க வளர்க்கணும் அம்மா" என்றாள். நல்ல பிள்ளை. நான் அப்போது பெரிய கிடாரத்தில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். கிண்டிய கையோடு நான் முணுமுணுத்த நாலு வரியை அவள் கேட்டுவிட்டு, "இது ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்த?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லித் தரல்ல மகள். ஒருத்தரும் வாயப் பொத்தல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

அதை அவள் எழுதிக்கொண்டு போனாள். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் அழுகை. அதற்குப் பிறகு சண்டை மூண்டு, அதுவும் ஒரு வழியாக முடிந்து, இப்போது சந்தைக்குப் போனவர்கள் பொழுது படுவதற்குள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்க முடிகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எழுத்துப் பிழையை மகள் திருத்தலாம். சொல்லைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். என் வாயை ஏன் ஒருவரும் பொத்தவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு.

எங்கள் வீடு ஆரையம்பதிப் பக்கம், ஆற்றை ஒட்டியது. வாவி என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். சூரியன் எழும்பும் எங்கள் பக்கம் எழுவான்கரை. அது விழும் எதிர்ப்பக்கம் படுவான்கரை. அப்பா பிறந்தது படுவான்கரையில். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி அம்மாவைக் கலியாணம் முடித்து, ஒற்றைத் தோணியில் உடுப்புப் பெட்டியோடு ஆற்றைக் கடந்து வந்தவர் அப்பா. அவருடைய அக்கா, எனக்கு மாமி, தாய் வீட்டிலேயே அக்கரையில் இருந்தாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. எனக்குப் பிடித்த இடம் செத்த வீடு. இப்படிச் சொன்னால் பாவம்தான், ஆனால் உண்மை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டி, செத்தவரைப் பற்றிப் பாட்டாக அழுவதைக் கேட்க நான் யார் மடியிலாவது போய்க் குந்திவிடுவேன். உயிரோடு இருக்கும்போது ஒருவரும் சொல்லாத நல்ல வார்த்தைகள் எல்லாம் அங்கே வரும். கேட்டுக் கேட்டு எனக்கும் அது வாயில் ஏறிவிட்டது. பானை உடைந்தால் பானைக்கு ஒப்பாரி வைப்பேன். காகம் கொத்திய குஞ்சுக்கு வைப்பேன். அடிப்பிடித்த சோற்றுக்குக்கூட ஒரு தடவை வைத்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"வாழுற வீட்டுக்குள்ள ஒப்பாரி வெக்காதடி மூதேவி! ஆரையும் கொண்டு போகப் போறாய்!"

அப்பாதான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "ஆத்தங்கரைக்குப் போய்ப் பாடட்டும் புள்ள. மீனுக்கு ஏது நல்ல நாள், கெட்ட நாள்?"

அம்மா முணுமுணுத்தாலும் அது சட்டமாகிவிட்டது. வீட்டுக்குள் மூச்சுவிடக் கூடாது. ஆற்றங்கரையில் எவ்வளவும் அழலாம்.

இனி, அப்பாவுக்கும் மாமிக்கும் இருந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். மாமியின் மூத்த மகள் பெரிய பிள்ளையானபோது முதல் தண்ணீர் வார்க்கத் தாய்மாமனான அப்பா போக வேண்டும். அது நல்ல மாரிகாலம். ஆறு கரையை மிஞ்சி ஓடியது. அப்பா தோணியை இறக்கப் பார்த்தார், முடியவில்லை. மாமி மூன்று நாள் பார்த்திருந்துவிட்டு, வேறு யாரையோ கொண்டு சடங்கை முடித்தாள். தண்ணீர் வடிந்ததும் அப்பா பலகாரத்தோடு போனார். மாமி அவரைத் தோணித்துறையிலேயே நிற்கவைத்து, பெண்டாட்டி வீட்டார் விடவில்லையா என்று கேட்டாள். அப்பா ஏதோ சொல்ல, அவள் ஏதோ சொல்ல, கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது இது: "இனி உன்ட செத்த வீட்டுக்குத்தான் அந்தக் கரை மிதிப்பன்!"

"அதுக்கும் வர வேணாம்!" என்று சொல்லிவிட்டு அப்பா பலகாரத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். அதைத் தின்றது நாங்கள்தான். நல்ல பலகாரம். ஆனால் அப்பா ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

இரண்டு மாரி போயிற்று. ஒரு தரமும் அவர் அக்கரைக்குத் தோணியைத் திருப்பவில்லை. பின்னேரத்தில் துறையில் குந்தி, பல் குத்திக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "மழை வருதா எண்டு" என்பார். சித்திரை வெயிலிலும் அதையேதான் சொன்னார்.

அந்தக் காலத்தில்தான் அவருடைய பழைய தோணி முடிந்தது. அடி உக்கி, ஓட்டை விழுந்து, அடைத்த இடமெல்லாம் திரும்பத் திறந்து, இனி விறகுக்குத்தான் ஆகும் என்ற நிலை. கலியாணத்துக்கு அவரை ஏற்றி வந்த அதே தோணி. புதியது ஒன்று வாங்கியாயிற்று. அடுத்த நாள் பழையதைக் கொத்துவதாக ஏற்பாடு.

எனக்கு அன்றிரவு தோணியை நினைத்து நித்திரையே வரவில்லை. விடிந்ததும் அப்பா மீன்பிடித்துவிட்டு வந்து பாயில் சரிந்தார். அம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "அப்பாவ எழுப்பாத, வீட்டப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள். நான் வீட்டைப் பார்த்தேன். வீடு அதன் பாட்டில் நின்றது. பிறகு துறைக்குப் போனேன்.

செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பது என் குணம், அன்றைக்கும் இன்றைக்கும். கோயிலுக்கென்று தோய்த்துக் கொடியில் போட்டிருந்த அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்துப் போய், கவிழ்த்திருந்த தோணிக்கு நீளமாகப் போர்த்தினேன். தலைமாட்டில் பாதித் தேங்காயில் விளக்கு வைத்தேன். மயிரை அவிழ்த்து விட்டேன். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஓட்டை விழுந்த பின்னும்
ஒரு நாளும் கவுத்ததில்ல
பாட்டுப் படிச்சழ
பக்கத்தில ஆருமில்ல

இன்னும் நிறைய இருந்தது. இந்த நாலும்தான் தங்கியிருக்கிறது. அழுது அழுது எனக்கே மெய்யான கண்ணீர் வந்துவிட்டது. நடு ஆற்றில் ஒருவர் வலை வீசிக்கொண்டு நின்றதைக் கண்டேன். அவர் வலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். ஆள் பார்க்கிறாரென்று நான் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து, ஒரு தரம் எங்கள் கரையைப் பார்த்துக் கும்பிட்டு, தோணியைப் படுவான்கரைக்குத் திருப்பி, கம்பை ஊன்றி வேகமாகத் தாங்கினார். என் பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அவர் மாமியின் அயலவர். அங்கே நடந்ததைப் பிறகு பல தடவை, பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாவு சொல்ல வருபவர் வீட்டுக்குள் ஏறுவதுமில்லை, தண்ணீர் வாங்கிக் குடிப்பதுமில்லை. வேலிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவார். ஆகவே அவரை நிறுத்தி ஒரு கேள்விகூடக் கேட்க ஆளில்லை. "உங்கட தம்பி போயிற்றார். துறையில வெள்ளை போட்டுக் கிடத்தி இரிக்கு. மகள் தலைவிரி கோலமா அழுகுது." அவ்வளவுதான். கையில் இருந்த உலக்கையை மாமி எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாதாம்.

இங்கே நான் பாட்டு முடிந்து, விளக்கை அணைத்து, அம்மா வருவதற்குள் வேட்டியை வைக்க வேண்டுமே என்று வீட்டுக்கு வந்தேன். அப்பா வாயைத் திறந்தபடி தூங்கினார். மீன் வாடைக்கு ஈ மொய்த்தது. பாவமாக இருந்தது. வேட்டியைக் கொடியில் போடுவதற்குப் பதிலாக அவருக்கு மேல் போர்த்தினேன். முகத்தில்தானே ஈ அதிகம், அதனால் முகத்தையும் மூடினேன். ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகினேன். ஈ ஒன்றும் நுழைய முடியாது. எனக்கு நல்ல திருப்தி.

வெயில் ஏறியபோது துறையில் இரண்டு தோணிகள் வந்து மோதின. மாமி, மாமா, அக்கரைப் பெண்கள் நாலைந்து பேர். பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைச் சீலை வராமல் எங்கள் குடியில் பிணம் எழும்பாது. மாமா கையில் அந்தப் புதுச் சீலை, மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் ஓடிப்போனேன். இரண்டு வருசம் காணாத மாமி! ஆனால் அவள் என்னைக் கண்டதும் மண்ணில் விழுந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ எண்ட கிளியே! உன்ட அப்பா எங்க கா?"

"அப்பா நித்திரை மாமி" என்றேன்.

பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். "புள்ளைக்கு விளங்கல்லையே! நித்திரை எண்டு சொல்லுதே!"

"இல்ல மாமி, மெய்யாத்தான். விடியத்தான் படுத்தவர். எழுப்பக் கூடாதாம்."

"எழுப்பக் கூடாதாமே!" என்று அவர்கள் இன்னும் பலமாக அழுதார்கள். நான் வாயைத் திறக்கத் திறக்க நிலைமை மோசமாகியது. பக்கத்து வளவுப் பெரியம்மா சத்தம் கேட்டு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். "விடியத்தானே எனக்கு ரெண்டு மீன் தந்தான் மகராசன்! மீன் இன்னும் சட்டிக்குள்ள கிடக்கே!" என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

எல்லோரும் உள்ளே போனால், தலை முதல் கால் வரை வெள்ளை மூடி, நேராகக் கிடக்கிறார் அப்பா.

மாமி அவர் காலடியில் விழுந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் பாய்க்குப் பக்கத்தில், தலைமாட்டில் சிக்குப்பட்டுக் குந்தியிருந்தேன். மாமி கொஞ்ச நேரம் சும்மா விக்கினாள். பிறகு, ஆற்றைக் கடந்து வரும்போதே மனதில் கட்டி வந்திருக்க வேண்டும், பாட்டாக அழத் தொடங்கினாள்.

ஆறு பெருகினது
அது ஒருநாள் தானே தம்பி
ஆறு வடிஞ்ச பின்னும்
ஆங்காரம் வடியல்லையே

பெண்கள் தங்கள் அழுகையை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள். நானும்தான். நானும் பாட்டுக் கட்டுகிறவள் அல்லவா? நல்ல பாட்டுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் எட்டு வயதிலும் எனக்குத் தெரியும்.

இவ்வளவு சத்தத்தில் அப்பா எப்படித் தூங்குவார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ என்று பயந்துபோனேன். மெதுவாக வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

அப்பா முழித்திருந்தார். நல்லாக முழித்திருந்தார். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். என்னைக் கண்டதும் கண்ணாலேயே, மூடு என்று காட்டினார். மூடினேன்.

மாமி அடுத்ததைப் பாடினாள்.

சோறு குழைச்சு வெச்சு
சொந்தக் கையால் ஊட்டி வெச்சேன்
கூறு கெட்ட வாயால
கொள்ளி வெச்சுப் போட்டேனே

அவருக்கு ஊட்டி வளர்த்தது, மாடு முட்ட வந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியது, தண்ணீர் வார்க்க நீ வரவில்லையே என்று கேட்டது மகளுக்காக அல்ல, மூன்று நாளும் நீ ஆற்றில் மூழ்கிவிட்டாயோ என்று துறையில் நின்று செத்துப் பிழைத்ததனால்தான் என்பது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மாமா புதுச் சீலையால் முகத்தைத் துடைத்தார். நான் இரண்டாம் தரமும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா அப்படியே கிடந்தார்.

இன்னும் எவ்வளவு நேரம் கிடந்திருப்பாரோ தெரியாது. அம்மா சந்தையிலிருந்து வந்துவிட்டாள். வேலிப் படலையில் கூட்டம், உள்ளே ஒப்பாரி, துறையில் அக்கரைத் தோணிகள். கூடை விழுந்த சத்தமும், "ஐயோ எண்ட தெய்வமே!" என்ற அவள் குரலும் ஒன்றாகக் கேட்டன.

அந்தக் குரலுக்குத்தான் அப்பா துள்ளி எழும்பினார். வேட்டி தலையில் தொங்க, "எனக்கு ஒண்டுமில்ல புள்ள! ஒண்டுமில்ல கா!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

அந்த வீட்டில் அன்றைக்கு யார் யார் எந்த வழியால் ஓடினார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா வந்த ஓட்டையை விட்டு வேறு இடத்தில் வேலியைப் பிரித்தாள். மாமி மட்டும் ஓடவில்லை. அவள் எழுந்து போய், அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"செத்துப் போடா! நீ செத்தே போ! முழிச்சிக்கொண்டாடா கிடந்த நீ?" அடித்த கையாலேயே அவர் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அம்மா நிலத்தில் குந்திவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. மாமாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "செத்த வீட்டுக்குத்தான் வருவன் எண்டா. வந்திற்றா. சொன்ன சொல்லு தப்பல்லையே!"

பிறகு விசாரணை. சாவு சொன்னவர் கண்டது என்ன, துறையில் கிடந்தது என்ன, அழுதது யார் என்று ஒவ்வொரு கேள்வியும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. நான் அப்போது பழைய தோணிக்கு அடியில் பதுங்கிக் கிடந்தேன். அம்மா அகப்பையோடு வந்தாள்.

"இவளுக்கு வாயில சூடு வெச்சாத்தான் சரி! அண்டைக்கே சொன்னன், ஒப்பாரி வெக்காத எண்டு!"

இனி வாழ்நாள் முழுக்க நான் பேச்சுத்தான் பேசலாம், பாட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மாமி குறுக்கே வந்து நின்றாள். "அவளத் தொடாத மச்சாள். அவளுக்கு வாயில்லாட்டி எனக்கு இஞ்ச வரக் காலிருக்காது." பிறகு தோணிக்குக் கீழே குனிந்து, "வா கா வெளிய. என்ன படிச்ச நீ? சொல்லிக் காட்டு" என்றாள்.

தோணிக்கு அடியில் கிடந்தபடியே சொல்லிக் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டாள். "ரெண்டாவது வரி நல்லா இரிக்கு" என்றாள். மற்ற மூன்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் முழுகாமல் சாப்பிடக் கூடாது. ஒருவரும் சாகவில்லையே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மாமி விடவில்லை. ஆகவே எல்லோரும், அப்பா உட்பட, வரிசையாக ஆற்றில் முழுகிவிட்டு வந்து அம்மா ஆக்கிய சோற்றைத் தின்றார்கள். பெரியம்மா அந்த இரண்டு மீனையும் கறியாக்கிக் கொண்டுவந்தாள். அடுத்த தொல்லை, கொண்டுவந்த வெள்ளைச் சீலை. அதைத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது, வீட்டில் வைக்கவும் அம்மா விடமாட்டாள். அப்பா அதைக் கையில் எடுத்து நீள அகலம் பார்த்தார். "புதுத் தோணிக்குப் பாயாக் கட்டினா என்ன? காத்துப் பிடிக்கும்" என்றார். எனக்கு அது அன்றைக்கு உலகத்திலேயே கெட்டித்தனமான வார்த்தையாகப் பட்டது. அந்தப் பாயோடுதான் அவர் கிழமைக்கு ஒரு தரம் அக்கரைக்குப் போய்வந்தார். அதில் நானும் போயிருக்கிறேன்.

எனக்கு ஒரு புதுச் சட்டம் போடப்பட்டது. எதற்கும் ஒப்பாரி வைக்கலாம். ஆனால் தொடங்குவதற்கு முன் செத்தது யார் என்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். அதை நான் கடைசிவரை மீறவில்லை. "பூசணிக்காய் அம்மா" என்று கத்திவிட்டுத்தான் பாடத் தொடங்குவேன்.

அலை வந்த கிழமையில் பெயர் சொல்லி அழவும் ஆளில்லாமல் எத்தனையோ பேரை மண்ணுக்குள் வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த காலத்தில் வாய்விட்டு அழுவதற்கே பயந்த வீடுகளும் இருந்தன. அப்பா ஏன் அன்றைக்கு உடனே எழும்பவில்லை என்பது அப்போதுதான், இத்தனை வயதுக்குப் பிறகு, எனக்கு விளங்கியது.

எட்டு வயதில் விளங்கவில்லை. பின்னேரம் அக்கரைத் தோணிகள் போனதும் நான் அம்மாவிடம் போய், அப்பாவுக்குக் காதுக்குள் தண்ணீர் போய்விட்டது, எண்ணெய் சுடவைத்துத் தாருங்கள் என்று கேட்டேன். முழுகினபோதா என்று அம்மா கேட்டாள். இல்லை, அதற்கு முன்னமே, வேட்டிக்குள் கிடந்தபோது, கண்ணால் வழிந்து இரண்டு காதுக்குள்ளும் போனதை நானே கண்டேன் என்றேன். அம்மா அடுப்புக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா வலையைப் பார்த்தார். அம்மா தேங்காயெண்ணெயைக் கரண்டியில் ஊற்றிச் சுடவைத்து என் கையில் தந்தாள். அப்பாவும் தலையைச் சரித்துக் காட்டினார். நான் ஒரு காதுக்கு மூன்று சொட்டு, மற்றதுக்கு மூன்று சொட்டு, சிந்தாமல் விட்டேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அப்பாவின் காது வருத்தத்தைக் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான் என்று எனக்குச் சரியான பெருமை.